சாகா வரமா, கடந்த காலத்துக்கு ஒரு டிக்கெட்டா?

இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். இனி உங்களுக்குச் சாவே கிடையாது. இல்லையென்றால், நடந்து முடிந்த ஏதாவது ஒரு நாளுக்குத் திரும்பிப் போய், அங்கே ஒரு விஷயத்தை மாற்றிவிட்டு வரலாம். எதைக் கேட்பீர்கள்?

இரவு ரயிலில் தூக்கம் வராதவர்கள், கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்கு அப்புறம் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டவர்கள், விடுதி மொட்டைமாடியில் உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் என்று எல்லாரிடமும் இந்தக் கேள்வி சுற்றிச் சுற்றி வருகிறது. முதல் பதில் சட்டென்று வந்துவிடும். "சாகா வரம்தான், இதில் என்ன யோசனை?" பக்கத்தில் இருப்பவர், "பெண்டாட்டி பிள்ளை எல்லாம் போன பிறகும் நீ மட்டும் இருப்பாயா?" என்பார். அவ்வளவுதான், பதில் ஆட்டம் காணும். கடந்த காலம் என்று சொன்னவருக்கும் இதே கதி. யாராவது ஒரு கேள்வி கேட்டால் போதும், அவரும் மாட்டிக்கொள்வார்.

வரம் கேட்பதில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு இரணியன் இருக்கிறான். மனிதனாலும் மிருகத்தாலும் சாவு கூடாது, உள்ளேயும் வெளியேயும் கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, தரையிலும் வானத்திலும் கூடாது என்று தேர்ந்த வக்கீலைப் போல ஷரத்து போட்டான். அப்படியும் ஒரு வாசற்படியும் ஓர் அந்திப்பொழுதும் விட்டுப்போயின. எனவே இந்த இரண்டு வரங்களின் ஷரத்துகளையும் ஒருமுறை பொறுமையாகப் படித்துவிடுவது நல்லது.

## எதை வைத்து எடை போடுவது?

ஐந்து அளவுகோல்களை எடுத்துக்கொள்கிறேன்.

1. வெளியேறும் வழி. பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட முடியுமா?
2. விலையை யார் கட்டுகிறார்கள்? நாமா, நம்மிடம் சம்மதம் சொல்லாத வேறு யாராவதா?
3. கூட்டா, தனியா? வரம் நமக்கு மட்டும்தானா?
4. எந்த வலிக்கு மருந்து? வரப்போவதைப் பற்றிய பயத்துக்கா, வந்துபோனதைப் பற்றிய வருத்தத்துக்கா?
5. கொஞ்சமாவது நிஜத்தில் உண்டா? முழு வரம் யாருக்கும் கிடைக்கப்போவதில்லை. ஆனால் அதன் துண்டு துணுக்குகள் உலகத்தில் இருக்கின்றன.

முதல் இரண்டுக்கும்தான் நான் அதிக எடை கொடுக்கிறேன். மற்ற மூன்றும் முக்கியம்தான், ஆனால் அவற்றில் தப்பு நேர்ந்தால் சமாளித்துக்கொள்ளலாம். முதல் இரண்டில் நேரும் தப்புக்குப் பரிகாரம் கிடையாது.

## சாகா வரம்

### இதில் எத்தனை வகை?

"சாவு இல்லை" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேறு சரக்குகள் இருக்கின்றன.

முதல் வகையில் சாவு இல்லை, ஆனால் மூப்பு உண்டு. கிரேக்கர்களின் டிதோனஸ் கதை இதுதான். விடியலின் தேவதை தன் காதலனுக்காகச் சாகா வரம் கேட்டாள், மாறாத இளமையைக் கேட்க மறந்துவிட்டாள். அவன் கிழண்டு, சுருங்கி, கை கால் அசைக்க முடியாமல், ஓயாமல் முனகும் குரலாக மட்டும் மிஞ்சினான். இந்த வகையை யாரும் தெரிந்து கேட்க மாட்டார்கள். இருந்தாலும் மருத்துவமனைகள் இன்று ஆயுளை நீட்டும் விதத்தைப் பார்த்தால், பல சமயம் நமக்குக் கிடைப்பது இதன் சின்ன பதிப்புதான்.

இரண்டாம் வகையில் மூப்பு நின்றுவிடும், ஆனால் விபத்தோ தொற்றுநோயோ கொல்லலாம். கேட்பதற்குச் சாகா வரம் மாதிரியே இருக்கும். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் விபத்தில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேர் இந்த வரத்தை வாங்கினால், 693ஆவது ஆண்டு வாக்கில் பாதிப் பேர்தான் இருப்பார்கள். ஐயாயிரம் ஆண்டுகள் கழித்து ஏழு பேர் மிஞ்சினால் அதிகம். எனவே இது நீண்ட ஆயுள், அவ்வளவே. இன்னொரு சிக்கலும் உண்டு. இன்னும் 600 வருடம் கையில் இருக்கிறது என்று தெரிந்தவர் பைக்கை எடுப்பாரா? சாலையைக் கடப்பாரா? ஆயுள் கூடக்கூட அதை இழக்கும் பயமும் கூடும்.

மூன்றாம் வகையில் எதுவும் கொல்லாது. நம் சிரஞ்சீவிகள் இந்தக் கணக்கு. அனுமனும் விபீஷணனும் இதை வரமாக வாங்கினார்கள். அதே பட்டியலில்தான் அசுவத்தாமனும் இருக்கிறான். தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் கொன்றவன் அவன். கருவில் இருந்த குழந்தையின் மீதும் அஸ்திரம் விட்டான். அவனுக்குக் கிருஷ்ணன் தலையை வெட்டும் தண்டனை தரவில்லை. நெற்றி மணி பறிபோன நிலையில், ரத்தமும் சீழும் வடிய, பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் 3,000 ஆண்டுகள் அலை என்றான். சாகாமல் இருப்பதையே பெரிய தண்டனையாகக் கொடுக்க முடியும் என்று அந்தக் கதையைச் சொன்னவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வரத்துக்கும் சாபத்துக்கும் நடுவே இருப்பது வெளியேறும் வழி ஒன்றுதான்.

எந்த வயதில் கடிகாரம் நிற்கும் என்பதும் ஷரத்தில் இருக்க வேண்டும். மார்க்கண்டேயனுக்கு அது பதினாறில் நின்றது. அவனைப் பெற்றவர்களே ஓர் ஒப்பீட்டில் மாட்டியவர்கள்தான். நீண்ட ஆயுளுடன் ஒரு மந்தப் பிள்ளையா, பதினாறே வயது வாழும் அறிவுள்ள பிள்ளையா என்று கேட்டபோது இரண்டாவதைத் தேர்ந்தார்கள். அந்தக் கதை நடந்ததாகச் சொல்லப்படும் திருக்கடையூருக்கு இன்றும் அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் கூட்டம் அலைமோதுகிறது. கவனித்தால், அங்கே யாரும் மார்க்கண்டேயனுக்குக் கிடைத்ததைக் கேட்பதில்லை. இன்னும் கொஞ்சம் கொடு என்று தவணை முறையில்தான் கேட்கிறார்கள். விவரமானவர்கள்.

### மறைமுக விலை

உறுதியான ஆவணங்களுடன் மிக அதிக ஆண்டுகள் வாழ்ந்தவர் என்று பதிவாகியிருப்பவர் பிரான்ஸின் ஆர்ல் நகரத்து ஜான் கால்மாண். 1875இல் பிறந்து 1997இல் இறந்தார்: 122 ஆண்டுகள், 164 நாட்கள். அவருடைய வீட்டை ஒரு வக்கீல் 1965இல் ஓர் ஒப்பந்தத்தில் எடுத்தார். கிழவி உயிரோடு இருக்கும் வரை மாதாமாதம் பணம் கொடுக்க வேண்டும், அவர் போன பிறகு வீடு வக்கீலுக்கு. அப்போது கால்மாணுக்கு 90 வயது. நல்ல பேரம் என்று யாரும் சொல்வார்கள். முப்பது வருடம் பணம் கட்டிய வக்கீல் 1995இல் இறந்துபோனார், கிழவி இருந்தார். வக்கீலின் மனைவி தொடர்ந்து கட்டினார். கடைசியில் வீட்டின் மதிப்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது.

எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை இது. அதே கால்மாண் தன் ஒரே மகளை 1934இலும் ஒரே பேரனை 1963இலும் பறிகொடுத்தார். அதற்கு அப்புறம் 34 வருடம் வாழ்ந்தார். 122 வயதுக்கே இந்தப் பட்டியல் என்றால், 1,220க்கு எவ்வளவு நீளும்?

நம் பக்கம் இதைவிடக் கூர்மையான ஒரு கதை இருக்கிறது. ஆயுளை நீட்டும் அரிய நெல்லிக்கனி அதியமானுக்குக் கிடைத்தது, அதன் மகிமையைச் சொல்லாமல் ஔவைக்குக் கொடுத்துவிட்டான் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரை எல்லாருக்கும் தெரியும். அதோடு நிறுத்திவிடுகிறோம். அதியமான் பிறகு போரில் இறந்தான். நெல்லிக்கனியை உண்டவருக்கு வாய்த்த வேலை, அதைக் கொடுத்தவனுக்குக் கையறுநிலைப் பாட்டு எழுதுவது. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவானே என்று அவனை நினைத்து ஔவை அழும் அந்தப் புறநானூற்றுப் பாட்டு நெல்லிக்கனிக்குக் கட்டிய விலைதான் என்று எனக்குத் தோன்றும். சாகா வரம் வாங்கியவர் கடைசியில் எல்லாருக்கும் இரங்கற்பா எழுதும் ஆளாகிவிடுவார்.

அப்படியானால் எல்லாருக்கும் கொடுத்துவிடலாமே? இந்திரனுடைய அமிழ்தமே கிடைத்தாலும் இனிதென்று தனியாக உண்ண மாட்டார்கள், அப்படிப்பட்டவர்களால்தான் இந்த உலகம் நிலைக்கிறது என்று ஒரு பாண்டிய இளவரசன் பாடினான். அவன் பெயரே கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. வடலூர் வள்ளலார் இன்னும் ஒரு படி மேலே போனார். மரணமிலாப் பெருவாழ்வை ஊர் உலகத்துக்கெல்லாம் பேசியவர், 1867இல் முதல் வேலையாகப் பசித்தவர்களுக்கு ஓர் அடுப்பை மூட்டினார். இருக்கிற ஆயுளுக்குச் சோறு, அதற்கு மேல்தான் மற்றது. வரிசை சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் கூட்டாக வாங்கினாலும் பில் வரும். உலகில் ஆண்டுக்குச் சுமார் 13 கோடிக் குழந்தைகள் பிறக்கின்றன, சுமார் 6 கோடிப் பேர் இறக்கிறார்கள். இரண்டாவது எண் பூஜ்யமானால் முதல் எண்ணை என்ன செய்வது? பிறப்பை நிறுத்த வேண்டும், இல்லை பூமியைப் பெரிதாக்க வேண்டும். அப்புறம், நாற்காலிகள் காலியாகாது. ஒரு மேலதிகாரியை 400 வருடம் சகித்துக்கொள்வதாக நினைத்துப் பாருங்கள். சர்வாதிகாரிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எத்தனையோ நாடுகளில் இயற்கை மரணம்தான் கடைசித் தேர்தலாக இருந்திருக்கிறது.

மூன்றாம் வகைக்கு இன்னொரு பில்லும் உண்டு. இன்னும் சுமார் 100 கோடி ஆண்டுகளில் சூரியனின் ஒளி ஏறத்தாழ 10 சதவீதம் கூடி, கடல்கள் வற்றத் தொடங்கும். 500 கோடி ஆண்டுகளில் சூரியன் ஊதிச் சிவந்துவிடும். எதுவும் கொல்லாத ஆள் அதற்கப்புறமும் இருப்பார். எங்கே?

### கையில் கிடைக்கும் அளவு

1825இல் பெஞ்சமின் கோம்பர்ட்ஸ் என்பவர் இன்சூரன்ஸ் கணக்குக்காக மரணங்களைப் புரட்டியபோது, நடுவயதுக்கு மேல் சாகும் வாய்ப்பு சீரான இடைவெளியில் இரட்டிப்பாவதைக் கண்டார். இன்றைய கணக்கில் அது ஏறக்குறைய எட்டு ஆண்டுக்கு ஒருமுறை. மருத்துவம் எவ்வளவோ வளர்ந்தும் இந்த ஏறுமுகத்தை உடைக்க முடியவில்லை. சாதாரண மனித செல்கள் பரிசோதனைக் குடுவையில் 40 முதல் 60 முறை வரை பிரிந்துவிட்டு நின்றுவிடுகின்றன என்று 1961இல் லெனர்ட் ஹேஃப்ளிக் காட்டினார். நிற்காத செல்களும் உண்டு. 1951இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற 30 வயது அமெரிக்கப் பெண்ணின் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் இன்றுவரை உலகின் ஆய்வுக்கூடங்களில் பெருகிக்கொண்டே இருக்கின்றன. அவரைக் கொன்ற புற்றுநோய்ச் செல்கள் அவை. மனித உடலில் சாகா வரம் வாங்கிக் காட்டிய பகுதி அதுதான்.

இறந்த உடலை மைனஸ் 196 டிகிரியில் உறையவைத்து, என்றாவது எழுப்பலாம் என்று காத்திருக்கும் ஏற்பாடும் அமெரிக்காவில் உண்டு. முதல் ஆள் 1967 ஜனவரியில் உறைந்தார், இன்னும் உறைந்தபடிதான் இருக்கிறார். ஆல்கோர் என்ற நிறுவனத்தில் முழு உடலுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் ஆகும். 1970களில் கலிஃபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்தில் இப்படி வைத்திருந்த சில உடல்கள், பணம் வருவது நின்றதும் உருகிக் கெட்டுப்போயின. நீண்ட காத்திருப்பில் விஞ்ஞானத்தை நம்பினால் மட்டும் போதாது, கணக்குப் பிள்ளையையும் நம்ப வேண்டும்.

## கடந்த காலத்துக்குப் பயணம்

### இதிலும் வகை உண்டு

கடந்த காலம் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்து மூன்று விதமாகப் பிரிக்கலாம்.

ஒன்று, மாறாத கடந்த காலம். நீங்கள் போகலாம், ஆனால் போனதும் செய்ததும் ஏற்கெனவே நடந்தவற்றில் அடக்கம். ரஷ்ய இயற்பியலாளர் இகோர் நோவிகோவ் சொன்ன கொள்கை இதற்கு நெருக்கமானது: முரண்பாடு உண்டாக்கும் எதுவும் நடக்கவே நடக்காது. தாத்தாவைக் கொல்லப் போனால் துப்பாக்கி சுடாது. பாவம், இதை வாங்கியவர் அதே துக்கத்தை இரண்டாம் முறை அருகில் நின்று பார்த்துவிட்டு வருவார்.

இரண்டாவது, கிளை பிரியும் கடந்த காலம். நீங்கள் மாற்றிய நொடியில் இன்னோர் உலகம் பிரியும். அங்கே உங்கள் தம்பி பிழைத்துக்கொள்வான். நீங்கள் விட்டுவந்த உலகில் அவன் இல்லைதான், இப்போது நீங்களும் இல்லை. உங்கள் அம்மா அங்கே ஒன்றுக்கு இரண்டு பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருப்பாள். இந்த விலையை யாரும் யோசிப்பதில்லை.

மூன்றாவது, அழித்து எழுதுவது. எல்லாரும் மனதில் வைத்துக் கேட்பது இதைத்தான். பழையது போய்விடும், புதியது மட்டும் இருக்கும். பெரிய விலையும் இதில்தான்.

### மறைமுக விலை

ஒரு குழந்தை யாராகப் பிறக்கும் என்பது ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட நேரத்தில், கோடிக்கணக்கான விந்தணுக்களில் எது முந்தியது என்பதைப் பொறுத்தது. ஒரு நாள் தள்ளினாலும் அது வேறு குழந்தை. உங்கள் மகனின் தம்பி தங்கை எப்படி வேறு ஆட்களோ அப்படி. எனவே 2005இல் நடந்த ஒன்றை மாற்றினால், அதற்குப் பிறகு கருவான உங்கள் பிள்ளைகள் பிறக்க மாட்டார்கள். வேறு பிள்ளைகள் பிறக்கலாம், நல்ல பிள்ளைகளாகவே இருக்கலாம். ஆனால் இப்போது பக்கத்து அறையில் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருக்கிறவள் இருக்க மாட்டாள். மாற்றம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு தூரம் அக்கம்பக்கத்துக் குழந்தைகளும் போவார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இரண்டாம் அளவுகோலில் இந்த வரம் படுதோல்வி அடைகிறது.

இதிலிருந்து ஓர் எல்லைக்கோடும் கிடைக்கிறது. இன்று உயிரோடு இருக்கும் குழந்தைகள் அனைவரும் ஏறத்தாழ ஒன்பது மாதத்துக்கு முன்பே கருவானவர்கள். குறைமாதத்தில் பிறந்தவர்களையும் சேர்த்தால் ஐந்து மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து மாதத்துக்குள் நடந்ததை மாற்றினால், இப்போது நம்மிடையே இருக்கும் யாரும் பிறக்காமல் போக மாட்டார்கள். போன மாதம் நடந்த விபத்தும் முப்பது வருடத்துக்கு முந்தைய தப்பும் இந்தக் கேள்வியில் ஒரே இனம் இல்லை.

சின்னச் சின்ன விலைகளும் உண்டு. நீங்கள் 1964க்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். கையில் இருக்கும் 500 ரூபாய் நோட்டு 2016க்குப் பிறகு வந்தது. அதை நீட்டினால் கள்ளநோட்டுக் கேஸ்தான். செல்போன் ஒரு செங்கல். உடம்பில் கோவிட் கிருமி ஒட்டிக்கொண்டிருந்தால், அந்த ஊரில் ஒருவருக்கும் அதற்கு எதிர்ப்புச் சக்தி இருக்காது. ஒரு உயிரைக் காப்பாற்றப் போனவர் ஒரு கொள்ளை நோயை இறக்கிவிட்டு வரலாம்.

எல்லாவற்றுக்கும் மேல், யார் நம்புவார்கள்? 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு, நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய ரயிலைப் புயலலை அடித்துக்கொண்டு போனது, ஊரும் போனது. நீங்கள் அந்த இரவில் பாம்பன் நிலையத்தில் போய் நிற்கிறீர்கள். முன்பின் தெரியாத ஆள், வித்தியாசமான உடை, "இந்த வண்டியை விடாதீர்கள், கடல் எடுத்துவிடும்" என்கிறீர்கள். நிலைய மேலாளர் என்ன செய்வார்? அவருக்கு மேலிடத்து உத்தரவு வேண்டும். காற்று பலமாக இருப்பது அவருக்கும் தெரியும், டிசம்பரில் அது புதிதில்லை. தண்டவாளத்தில் குறுக்கே படுத்து வண்டியை நிறுத்தினாலும், தனுஷ்கோடி ஊர்க்காரர்களை யார் போய் எழுப்புவது? கடந்த காலத்துக்குப் போகிறவருக்கு வேண்டியது தகவல் மட்டும் அல்ல. அந்தக் காலத்தில் அவர் சொன்னால் எடுபடுகிற ஓர் இடம் வேண்டும். அது டிக்கெட்டில் சேர்த்தி இல்லை.

### கையில் கிடைக்கும் அளவு

முன்னோக்கிப் போவது நிஜம். விண்வெளி வீரர் செர்கெய் கிரிகல்யோவ் மொத்தம் 803 நாட்கள் சுற்றுப்பாதையில் வேகமாகச் சுற்றியதால், பூமியில் இருந்தவர்களைவிடச் சுமார் 0.02 விநாடி குறைவாக மூத்தார். நம் புராணத்திலும் ககுத்மி ராஜா மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்க பிரம்மலோகம் போய், கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பியபோது பூமியில் யுகங்கள் கடந்திருந்தன.

பின்னோக்கித்தான் சிக்கல். 1949இல் கணித அறிஞர் குர்ட் கோடல், ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளை வைத்தே, சுழலும் ஒரு பிரபஞ்சத்தில் கடந்த காலத்துக்குப் போகும் பாதை இருக்க முடியும் என்று காட்டினார். நம் பிரபஞ்சம் அப்படிச் சுழல்வதாகத் தெரியவில்லை. ஸ்டீஃபன் ஹாக்கிங் 2009 ஜூன் 28 அன்று காலப் பயணிகளுக்காக ஒரு விருந்து வைத்தார். அழைப்பிதழை விருந்து முடிந்த பிறகுதான் வெளியிட்டார். ஒருவரும் வரவில்லை.

அதனால் கடந்த காலத்தைத் தொடவே முடியாது என்று விட்டுவிட வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 காலை, சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்து இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆன பிறகுதான் நாகப்பட்டினத்தில் அலை ஏறியது. சொல்ல நேரம் இருந்தது, சொல்ல ஆள் இல்லை. இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பு அப்போது கிடையாது. ஹைதராபாத்தில் இந்தியாவின் மையம் 2007இல்தான் வந்தது. ஆனால் அதிர்வு மையத்துக்கு மிக அருகில் இருந்த சிமெலுவே தீவில் கதையே வேறு. அங்கே 1907இல் ஒரு பேரலை வந்திருக்கிறது. நிலம் ஆடி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்று பாட்டிகள் தாலாட்டிலும் கதையிலும் சொல்லிவைத்தார்கள். 2004இல் முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களில் விரல் விட்டு எண்ணும் அளவுக்கே இறந்தார்கள். இந்த வரத்தில் மனிதர்களுக்கு நிஜமாகக் கிடைத்த அளவு இவ்வளவு.

தனிமனித வருத்தங்களைப் பொறுத்தவரை ஒரு குறிப்பு. உளவியலாளர்கள் தாமஸ் கிலோவிச்சும் விக்டோரியா மெட்வெக்கும் 1990களில் கண்டது: உடனடியாக வலிப்பது செய்த தப்பு, பல வருடம் கழித்தும் வலிப்பது செய்யாமல் விட்டது. கடந்த காலத்துக்கு டிக்கெட் கேட்பவர்களில் பலர் உண்மையில் கேட்பது இரண்டாவதற்கு. படிக்காமல் விட்ட படிப்பு, பேசாமல் விட்ட பேச்சு. இவற்றில் பாதிக்கு டிக்கெட்டே தேவைப்படாது.

### ஷரத்தைத் திருத்த முடிந்தால்

பேரம் பேச இடம் இருந்தால், கேட்க வேண்டிய வடிவம் நம் சைவ மரபில் இருக்கிறது. மயிலாப்பூர் வணிகர் சிவநேசரின் மகள் பூம்பாவை ஏழு வயதில் பாம்பு கடித்து இறந்தாள். சாம்பலையும் எலும்பையும் அப்பா ஒரு குடத்தில் காத்துவைத்திருந்தார். சில ஆண்டுகள் கழித்துச் சம்பந்தர் பாடியபோது குடத்திலிருந்து எழுந்தவள் ஏழு வயதுச் சிறுமி இல்லை, பன்னிரண்டு வயதுப் பெண். அவிநாசியிலும் அப்படியே. முதலை விழுங்கிய பிள்ளையைச் சில வருடம் கழித்துச் சுந்தரர் மீட்டபோது, இடைப்பட்ட வருடங்களின் வளர்ச்சியோடு அவன் வந்தான்.

கடிகாரத்தை யாரும் திருப்பவில்லை என்பதைப் பாருங்கள். நடந்த வருடங்கள் நடந்தவையாகவே இருக்கின்றன, இடையில் பிறந்த ஒரு குழந்தையும் மறையவில்லை, இழந்தது மட்டும் இன்றைய கணக்கில் திரும்பி வருகிறது. இதற்கும் விலை உண்டு. சிவநேசர் மகளைச் சம்பந்தருக்கே மணமுடிக்க நினைத்திருந்தார். உயிர் கொடுத்தவன் தந்தை ஆகிறான், மணக்க முடியாது என்று சம்பந்தர் மறுத்துவிட்டார். பூம்பாவை கன்னிமாடத்தில் வாழ்ந்தாள். அந்த விலையைப் பற்றி அவளிடம் யாராவது கேட்டார்களா என்ற கேள்வி எனக்கு உண்டு. இருந்தாலும், அழித்து எழுதுவதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ தேவலாம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| அளவுகோல் | சாகா வரம் | கடந்த காலப் பயணம் |
|---|---|---|
| வெளியேறும் வழி | விபத்து கொல்லும் வகையில் உண்டு, எதுவும் கொல்லாத வகையில் இல்லை | இல்லை. மாற்றிய பிறகு பழையபடி ஆகாது |
| விலை கட்டுபவர் | பெரும்பாலும் நாம். எல்லாரும் வாங்கினால் பிறக்காத தலைமுறை | இடையில் பிறந்த அனைவரும், சம்மதம் இல்லாமல் |
| கூட்டா, தனியா | தனியாக வாங்கினால் கொடுமை, கூட்டாக வாங்கினால் நெருக்கடி | ஒருவர் முடிவு, எல்லாருக்கும் விளைவு |
| எந்த வலிக்கு | பயத்துக்கு. வருத்தத்தை நீளமாக்கும் | வருத்தத்துக்கு. பயத்தைத் தொடாது |
| நிஜத்தில் | சில கூடுதல் ஆண்டுகள் | எச்சரிக்கை மையம், பாட்டி கதை |
| கேட்க வேண்டிய திருத்தம் | விரும்பும்போது விடைபெறும் உரிமை | கடிகாரம் திரும்பாமல் இழந்தது மட்டும் |

## சரி, யார் எதை எடுப்பது?

சமீபத்தில், அதாவது அந்த ஐந்து மாத எல்லைக்குள், ஒரு உயிரை இழந்தவர் என்றால் கேள்வியே இல்லை, பயணம்தான். சாகா வரம் அவருக்கு அந்தத் துக்கத்தையே நீட்டித்துக் கொடுக்கும்.

இழப்பு பழையது, அதற்குப் பிறகு வீட்டில் குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள் என்றால் அழித்து எழுதும் வரத்தைத் தொடாதீர்கள். பூம்பாவை வகை கிடைத்தால் எடுங்கள். கிடைக்கவில்லை என்றால் சாகா வரத்தின் இரண்டாம் வகைக்குப் போங்கள்.

முடிக்க வேண்டிய வேலை நிறைய உள்ளவர், ஆர்வம் அடங்காதவர், பெரிய வருத்தம் எதுவும் இல்லாதவர் ஆகியோருக்கு இரண்டாம் வகைச் சாகா வரம் நன்றாகப் பொருந்தும். கூட இரண்டு பேருக்காவது சேர்த்துக் கேளுங்கள். 400 வருடம் கழித்து உங்கள் பழைய ஊரைத் தெரிந்த ஒருவராவது பேச்சுக்கு வேண்டும்.

எதுவும் கொல்லாத மூன்றாம் வகையை யாருக்கும் நான் சொல்ல மாட்டேன், இலவசமாகக் கிடைத்தாலும். ஆட்சியில் இருப்பவர்களுக்கு எந்த வகையும் கூடாது.

இதை ஏற்காத ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்கள் வாதத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் போய், அவனுக்குப் பிறகு உலகத்தில் பிறந்த முன்பின் தெரியாதவர்களைப் பற்றிச் சொன்னால், "அவர்கள் யாரோ, இவன் என் பிள்ளை" என்பாள். அழித்து எழுதும் வரத்தை அவள் கேட்டால் அது தவறான கணக்கு என்று என்னால் சொல்ல முடியும். தவறான ஆசை என்று சொல்ல மாட்டேன். மறையப் போகிறவர்களில் அவளுடைய சின்ன மகளும் இருக்கிறாளா என்று மட்டும், கையெழுத்துக்கு முன்னால், யாராவது ஒருவர் அவளுக்குச் சொல்லிவிட வேண்டும்.